பற்று நோட்டு

அல்சூர் பஜார் தெருவில் அப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், ஆணியில் சணல் கயிறு கட்டி, நீள நோட்டு ஒன்று தொங்கும். பற்று நோட்டு. கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் என்று நாலு மொழியிலும் வந்து கடன் கேட்பார்கள். அப்பா எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுவார். ஆள் பெயர் எழுதும் வழக்கம் அவருக்குக் கிடையாது. 'மூலை வீடு - துவரை அரை கிலோ', 'பூக்காரம்மா - சர்க்கரை கால்', 'கோயில் பின்னாடி - சோப்பு ரெண்டு'. நோட்டு யார் கையில் சிக்கினாலும் யாருடைய கஷ்டமும் வெளியே தெரியக் கூடாது என்பது அவர் கணக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வரிகளைக் கூட்டிப் போடுவது என் வேலை.

கதை எழுத ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான் நானும் அதே நோட்டைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அப்பா கடன் கொடுத்தார், நான் வாங்குகிறேன். முதல் பத்தியைப் படிக்கிறவர் தன் நேரத்தை என்னிடம் முன்பணமாகத் தந்துவிடுகிறார். 'அன்றைக்கும் அவள் கதவைத் தாழிடவில்லை' என்று ஒரு வரி எழுதினால், ஏன் தாழிடவில்லை என்பது என் பெயரில் ஏறிய பற்று. அதை எப்போது, எந்த நாணயத்தில் திருப்புகிறோம் என்பதில்தான் துப்பறியும் கதையும் சரித்திரக் கதையும் பேய்க் கதையும் பிரிகின்றன. நாற்பது வருடத்துக்கு மேலாக ஏறக்குறைய எல்லா வகையிலும் கை வைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது கடனைத் திருப்பாமல் மாட்டியிருக்கிறேன்.

*

1978-ல் பொதுத்துறை ஆலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தேன். பகலெல்லாம் மைக்ரோமீட்டரும் வெர்னியரும். அந்தக் காலத்துப் பெங்களூரில் பொழுது விடிவதே ஆலை பஸ்களின் ஹாரனில்தான். போகும்போது பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். திரும்பும்போது யாராவது பேசியாக வேண்டும். படித்த கதை, பார்த்த சினிமா, பிறகு நானே கட்டிவிட்ட கதை என்று பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது.

பஸ்ஸில் கதை சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் கதையின் நடுவில் இறங்குவார், இன்னொருவர் கால்வாசியில். மறுநாள் ஏறியதும், "ஆமேலே ஏனாயித்து?" என்று கன்னடத்திலோ, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று தமிழிலோ கேட்பார்கள். என்ன கேட்கிறார்கள் என்று கவனித்ததுதான் என் முதல் பாடம். 'கதவு படபடவென்று தட்டப்பட்டது' என்று நான் பெருமையோடு நிறுத்திய இடத்தில் இறங்கியவர், தட்டியது யார் என்று கேட்கவே இல்லை. "அவன் அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டானா, இல்லையா?" என்று கேட்டார். அதை நான் கதையின் ஆரம்பத்தில் போகிற போக்கில் தொட்டுவிட்டு மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை.

பின்னாளில் தொடர்கதை எழுதும் வாய்ப்பு வந்தபோது இதுதான் கைகொடுத்தது. கதவு தட்டுவதும் போன் அடிப்பதும் ஒரு வாரம் தாங்காது. ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வந்து, எடுக்காமல் நிற்கும்போது 'தொடரும்' போட்டால், அடுத்த இதழ் வரும்வரை வாசகரே அவருக்காக முடிவெடுத்துப் பார்ப்பார். நாம் எழுதாத ஏழு நாளும் கதை நடந்துகொண்டிருக்கும்.

*

அப்போதெல்லாம் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, கார்பன் பிரதி எடுத்து, சுயவிலாசமிட்ட தபால்தலை ஒட்டிய உறையோடு சென்னைக்கு அனுப்ப வேண்டும். அந்த உறை மட்டும் எப்போதும் சரியாகத் திரும்பி வரும். வந்து விழும் சத்தத்திலேயே உள்ளே கதை இருக்கிறதா, வெறும் கடிதமா என்று சொல்லிவிடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஒரு பக்கக் கதையில்தான் தொடங்கினேன். வாங்கின கையோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய கைமாற்று அது. நானும் கடைசி வரியில் ஒரு குட்டிக்கரணம் போடுவதுதான் வித்தை என்று நம்பி, அதே வித்தையில் இருபது கதை எழுதினேன். பிச்சைக்காரர் முதலாளியாக இருப்பார், மாப்பிள்ளை திருடனாக இருப்பான். ஒருநாள் ஓர் உதவி ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. 'நீங்கள் கடைசி வரியை எழுதிவிட்டு மேலே உள்ள இடத்தை நிரப்புகிறீர்கள்.' கோபமாக வந்தது. இரவு ஷிஃப்டில் இருபது கதையையும் கடைசி வரியை மறைத்துவிட்டுப் படித்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை. கடைசி வரி இல்லாமலும் ஒரு மனுஷன் உள்ளே இருக்கிறானா என்று அன்றிலிருந்து பார்க்கிறேன். இருந்தால் கடைசி வரி தானாக வரும். சில சமயம் தேவையே இருக்காது.

*

எண்பதுகளில் மாத நாவல்கள் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைகளில் தோரணம்போலத் தொங்கின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பெரிய பெயர்கள். அந்த வரிசையின் வால் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஆறு ஃபாரம், அதாவது 96 பக்கம். ஒரு வரி கூடினாலும் வெட்டிவிடுவார்கள், குறைந்தால் விளம்பரம் போட்டுக்கொள்வார்கள்.

என் மூன்றாவது நாவலில் கொலையானவர் வலது கையில் கைக்கடிகாரம் கட்டும் பழக்கமுள்ளவர். பிணத்தில் அது இடது கையில் இருக்கும். அதாவது, செத்த பிறகு வேறு யாரோ சட்டை மாட்டி, கடிகாரம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அவர் குளித்துவிட்டு வந்து வலது கையில் கடிகாரம் கட்டுவதை மூன்றாம் அத்தியாயத்தில் ஐந்தே வரியில், கண்ணில் படாதபடி வைத்திருந்தேன். பக்கம் அதிகமாகிறது என்று யாரோ அந்த ஐந்து வரியை எடுத்துவிட்டார்கள். புத்தகம் வந்தது. கடைசி அத்தியாயத்தில் என் துப்பறிவாளர் நெஞ்சை நிமிர்த்தி, "அவர் வலது கையில் கட்டுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே!" என்கிறார். சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: 'ஐயா, எங்களுக்குத் தெரியாது.'

வெட்டியவர்மேல் ஒரு மாதம் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்தால், தப்பு என்னுடையது. வெட்டினாலும் கதை ஓடும் என்ற இடத்தில் துப்பை வைத்தால் கத்தி அங்கேதான் விழும். வெட்டுகிறவரும் ஒரு வாசகர்தான். அவருக்கு எது சதை, எது ஊளைச்சதை என்று தெரியும். அடுத்த நாவலில் கணவன் மனைவி சண்டைக்குள் துப்பை ஒளித்தேன். சண்டை இல்லாவிட்டால் அவள் வீட்டை விட்டுப் போக மாட்டாள். போகாவிட்டால் கதையே இல்லை. எந்தக் கத்தரிக்கோலும் அதைத் தொட முடியாது. வாசகரும் சண்டையைப் பார்ப்பாரே தவிர அதில் விழுந்து கிடக்கும் துப்பைப் பார்க்க மாட்டார். துப்பறியும் கதையில் கடனைக் கடைசிப் பக்கத்தில்தான் அடைக்கிறோம். ஆனால் அதற்கான காசு மூன்றாம் பக்கத்திலேயே வாசகர் கண்முன் மேஜைமேல் கிடந்திருக்க வேண்டும்.

*

பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் பல வகையும் எழுதுகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர் அடுத்த வாக்கியத்தில் சுஜாதா பெயரைச் சொல்லிவிடுவார். அவர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் ரங்கராஜன், மனைவி பெயரில் எழுதிய சுஜாதா. நான் அவரை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. ஆனால் எங்கள் ஆலையில் எழுத ஆசைப்பட்ட எவனுக்கும் அவர் ஒரு தெம்பு. ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன் எழுத முடியாது என்று யாரும் எங்களிடம் சொல்லிவிட முடியாது.

மற்றவர்கள் அவருடைய நடையைப் பார்த்து எழுதினார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான். மாடிப்படியில் இறங்குவதுபோல எழுத்துகளைச் சரித்து எழுதி அனுப்பி, அச்சில் அவை சமதரையாக வந்ததும் விட்டுவிட்டேன். பிறகுதான் அவர் கணக்கு எழுதும் விதத்தைப் பார்த்தேன். வக்கீல்கள் கணேஷ், வசந்த் வரும் கதைகளில் தகவலைப் பாதி பாதியாக இருவர் வாயிலும் பிரித்துக் கொடுத்துவிடுவார். ஸ்ரீரங்கத்துக் கதைகளில் சொல்கிற 'நான்' பெரும்பாலும் ஓரத்தில் நின்று பார்க்கிறவன்; அவனுக்கே முழுசாகப் புரியாது. 'கொலையுதிர் காலம்' நாவலில் பேயா விஞ்ஞானமா என்று கேட்டு, கடைசியிலும் அந்தச் சந்தேகத்தை முழுக்கத் துடைப்பதில்லை. அங்கே கடன் அடைபடவில்லை என்று யாரும் புகார் சொல்வதில்லை, ஏனென்றால் இது அடைபடாத கடன் என்பதை அவர் முதலிலிருந்தே மறைக்கவில்லை.

விஞ்ஞானக் கதையை நான் படித்துக்கொண்டதும் அவரிடம்தான். 1986 வாக்கில், அல்சூர் ஏரி வற்றிப்போன பிற்காலப் பெங்களூரில் இயந்திரம் தண்ணீர் அளந்து கொடுப்பதாக ஒரு கதை எழுதினேன். ஆலைக்காரன் அல்லவா, இயந்திரத்தை விளக்க இரண்டு பக்கம். வால்வு, சென்சார், அழுத்தம் எல்லாம் உண்டு. சரியாகத் திரும்பி வந்தது. அவருடைய 'என் இனிய இயந்திரா'வை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜீனோ எப்படி இயங்குகிறது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அது ஓர் இயந்திர நாய், புத்தகம் படிக்கும், வாய் பேசும் என்பதுதான் நிற்கிறது. என் கதையில் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, ஒரு பாட்டி குடத்தோடு இயந்திரத்தின் முன் நின்று, "ஸ்வல்ப கொடுப்பா, பேத்திக்கு ஜுரம்" என்று அதனோடு பேசுவதாகத் தொடங்கினேன். இயந்திரம் அவள் கைரேகையை இரண்டாவது தடவை கேட்கிறது. அவ்வளவுதான் விளக்கம். கதை பிரசுரமானது.

2024 கோடையில் பெங்களூரின் பல பகுதிகளில் ஜனங்கள் டேங்கர் லாரிக்காகக் குடத்தோடு நின்றபோது, பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டு, "அப்பவே சொல்லிட்டியே!" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதை எழுதிய வருடத்திலும் எங்கள் தெருக் குழாயில் வரிசை இருந்தது. அம்மா அதில் நின்றிருந்தாள். விஞ்ஞானக் கதை எழுதுகிறவன் கிளி ஜோசியம் பார்ப்பதில்லை. இன்றைய பயத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறான். அந்த உலகத்தின் சட்டதிட்டத்தை முதல் பக்கத்திலேயே ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் நடுவில் மாற்றக் கூடாது.

*

சரித்திரக் கதையில் முதல் வரி எழுதுவதற்கு முன்பே கடன் ஏறிவிடுகிறது. 1898-ல் பெங்களூரைப் பிடித்த பிளேக் நோயைப் பின்னணியாக வைத்து ஒரு குறுந்தொடர் எழுதினேன். கன்டோன்மென்ட் பகுதியில் ராணுவத்தை நம்பிப் பிழைக்க வந்த ஒரு தமிழ்க் குடும்பம்; அம்மாவைப் பிளேக் கொண்டுபோகிறது. இன்றைக்கும் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நெருக்கடியான பேட்டையிலிருந்து ஜனங்கள் தள்ளிப்போய்க் காற்றோட்டமாக வாழ மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தது அந்த நோய்க்குப் பிறகுதான். நாணயம், துணி, வண்டி என்று எல்லாம் தேடித் தேடி எழுதினேன். மூன்றாம் வாரம், மகன் நள்ளிரவில் வைத்தியரைத் தேடி ஓடும்போது 'தெருவின் மின்விளக்கு மினுக் மினுக்கென்றது' என்று ஒரு வரி. எழுதும்போது நல்ல வரி என்றுகூட நினைத்தேன்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். சிவனசமுத்திரத்து மின்சாரம் 1902-ல் முதலில் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான். உங்கள் பையன் ஏழு வருடம் முன்னதாக ஓடுகிறான் என்று. கீழே, 'கதை நன்றாக இருக்கிறது' என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரிதான் குத்தியது.

திருத்தும்போது ஒன்று கவனித்தேன். மின்விளக்கை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் விளக்கு வைத்ததும் காட்சியே மாறிவிட்டது. வெளிச்சம் பத்தடிதான். பையன் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தொட்டுத் தொட்டு வாசல் எது என்று தேட வேண்டியிருக்கிறது. அவன் பயம் எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. தகவல் பிழை என்றால் எங்கோ நான் அந்த இடத்தில் நிற்காமல் எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.

*

பேச்சு மொழி என்னைப் படுத்திய பாடு தனி. பெங்களூர்த் தமிழர் வீட்டில் பேசுவது ஒரு கதம்பம். என் அம்மா "சும்மா இரு" என்று சொன்னதே இல்லை. "சும்னே இரு" என்பாள். "பேகா வா" என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவை வைத்தே ஒரு கதை எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது அவள் பேச்சு முழுக்கச் சுத்தமான சென்னைத் தமிழாக மாறியிருந்தது. பத்திரிகையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாருடா இந்தப் பொம்பளை?" என்றாள்.

அடுத்த முறை அவள் பேசுவதை அப்படியே எழுதினேன். இப்போது மதுரை வாசகருக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டேன். ஓர் ஆளுக்கு ஒரே ஒரு சொல். அம்மாவுக்கு 'சும்னே' மட்டும். மற்றதெல்லாம் பொதுத் தமிழ். அந்த ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்போது வாசகர் காதில் முழுப் பேச்சும் தானாக ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த ஊரில் மொழி மாறி வாழ்கிறவன் நான் மட்டும் இல்லை. கன்னடச் சிறுகதையின் தந்தையாகக் கருதப்படும் மாஸ்தி வேங்கடேச ஐயங்காருக்கு வீட்டு மொழி தமிழ். 'சிக்கவீர ராஜேந்திர' நாவலை எழுதிய அவருக்கு 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்தது. எதிர்த்திசையில் பாவண்ணன். தொலைபேசித் துறை வேலையாகக் கர்நாடகம் வந்து, தமிழில் எழுதிக்கொண்டே கன்னடத்திலிருந்து நிறைய மொழிபெயர்த்தார். பைரப்பாவின் 'பர்வ' நாவல் அவர் கையில் 'பருவம்' ஆனது. கன்னடம் தெரிந்த நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரு மொழியின் மூச்சை இன்னொன்றில் எங்கே விடுவது என்பதை எந்த வகுப்பும் அவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்காது.

நாடகத்தில் பேச்சு வேறு விதமாகக் காலை வாரியது. ஒரு சங்க ஆண்டு விழாவுக்கு எழுதிய நாடகத்தில் கதாநாயகி மூன்று நிமிடம் ஒரு கடிதத்தைப் படிக்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மேடையில் முதல் நிமிடம் முடிவதற்குள் முன்வரிசையில் ஒருவர் இருமினார். பிறகு பின்வரிசையில். அரங்கம் முழுக்க இருமல் பரவியது. பூர்ணம் விஸ்வநாதன் குழு மேடையேற்றிய சுஜாதா நாடகங்களில் கைக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை மேடையேற்றியபோது அவள் கடிதத்தைப் படிக்கவில்லை. பால் பொங்குகிற அடுப்புக்கும் கடிதத்துக்கும் நடுவில் நின்றாள். ஒரு இருமல்கூட இல்லை.

பேத்திக்குக் கதை சொல்வதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. குழந்தைகள் கடனே கொடுப்பதில்லை. வரிக்கு வரி ரொக்கம். ஒரு வரி சுணங்கினால் எழுந்து போய்விடுவார்கள்.

*

கடைசியாக, நான் வகை தெரியாமல் தோற்ற கதை.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினை கலவரமாக வெடித்தது. அப்பா ஷட்டரை இறக்கினார். கல்லாப் பணத்தை எடுக்க மறந்து, பற்று நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கடை பத்து நாளைக்கு மேல் திறக்கவில்லை. திறந்த பிறகும் கூட்டம் இல்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நோட்டைப் பிரிப்பதற்கு முன்பே, "நம்து இன்னூறு ரூபாய் இதே அண்ணா" என்று தாங்களே தொகையைச் சொன்னார்கள். சிலர் வரவே இல்லை.

அடுத்த வருடமே இதைப் பரபரப்பான குறுநாவலாக எழுதினேன். தீ, ஓட்டம், நள்ளிரவு, ஒரு துரோகி. எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் இறக்கியிருந்தேன். நடந்த எதுவும் அதில் இல்லை. அனுப்பாமல் பரணில் போட்டேன். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையும் அதே 1991-லிருந்து திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. பதினெட்டு வருடம் ஆலை பஸ்ஸில் அதைத் தாண்டிப் போனேன், வந்தேன். 2009 ஆகஸ்ட் 9-ல் அதைத் திறந்தார்கள். பரணில் இருந்ததை அந்த வாரம் இறக்கிப் படித்துவிட்டுக் கிழித்தேன்.

அப்போது அப்பா இல்லை. நோட்டு இருந்தது. கடன் அடைந்த வரிகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். அடிக்காத வரிகளும் இருந்தன. அவர்களைத் தெருவில் பார்த்தால் அப்பா எப்போதும்போல நின்று பேசுவார். ஒரு நாளும் கேட்டதில்லை. நான் புதிதாக எழுதியது மூன்று பக்கம்தான்: கடை திறந்த நாள், ஒரு கிழவர், ஒரு நோட்டு, வந்து போகிறவர்கள். துரோகி இல்லை, திருப்பம் இல்லை. நான் எழுதியதில் அதிகம் கடிதம் வந்தது அதற்குத்தான். 'வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே' என்று பலர் கேட்டிருந்தார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு விழாத ஒரு வரி, 'மூலை வீடு - துவரை அரை கிலோ.' அது யார் வீடு என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு நாலு மூலை.